கீழ்டிவிஷன் கால்பந்து அணியின் ரசிகர் நிதானம் காப்பது எப்படி: வடசென்னையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

அணி தோற்று, முகம் வாடி வீடு திரும்பும் ரசிகரிடம் வீட்டார் சொல்லும் ஆறுதல் பெரும்பாலும் ஒன்றுதான்: "விளையாட்டுதானே, விடு." நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் வடசென்னையில் கால்பந்தை அருகிருந்து பார்த்த எவருக்கும் இந்த ஆறுதல் போதாது. பெரம்பூரிலும் வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் தண்டையார்பேட்டையிலும் பந்து உதைத்துப் பழகிய எத்தனையோ பேருக்கு அந்த ஆட்டமே ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை வேலையாகவும், ரயில்வே, துறைமுகம், சுங்கத்துறை, வங்கி வேலையாகவும் மாறி ஒரு குடும்பத்தையே கரையேற்றியிருக்கிறது. அதே வேளையில், மூன்றாம் டிவிஷனில் ஒரு சனிக்கிழமை மாலை ஒரு கோலில் தோற்றுப்போனது, இரவு உணவைத் தள்ளிவைத்துப் பிள்ளைகளிடம் எரிந்து விழும் அளவுக்குப் பெரிய செய்தியும் அன்று. நிதானம் என்று நான் சொல்வது ஆட்டத்தைச் சிறிதாக்கிப் பார்ப்பதை அல்ல. அதன் உண்மையான அளவை அறிந்து, அந்த அளவுக்கே மகிழ்வதையும் வருந்துவதையும்தான் சொல்கிறேன். ஒரு சிறு கால்பந்து மன்றத்தின் (கிளப்பின்) பின்னால் இருபது ஆண்டுகளுக்கு மேல் அலைந்ததில் கற்றுக்கொண்டவற்றை, ஒரு பருவம் தொடங்கி முடியும் வரிசையிலேயே இங்கே தருகிறேன்.

முதற்படி: ஏணி எங்கே முடிகிறது என்று அறிந்துகொள்ளுங்கள்

சென்னை லீக்கில் சீனியர் டிவிஷனுக்குக் கீழே பல டிவிஷன்கள் உள்ளன. அவற்றில் முதலிடம் பிடிக்கும் அணி மேலே ஏறும், கடைசியில் நிற்கும் அணி கீழே இறங்கும். இது எல்லோருக்கும் தெரியும். நம் ரசிகர்கள் பலர் யோசிக்காதது, அந்த ஏணி எவ்வளவு தூரம் போகிறது என்பதைத்தான். இங்கிலாந்தில் லூட்டன் டவுன் என்ற மன்றம் 2009இல் ஐந்தாம் நிலைக்குச் சரிந்தது, 2023இல் பிரீமியர் லீக்குக்கு ஏறியது. அங்கே கீழ்ப்படியிலிருந்து உச்சி வரை அறுபடாத ஏணி ஒன்று இருப்பதால் அது முடிந்தது. இங்கே, இன்று நாட்டின் உச்ச லீக்காக உள்ள ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) 2014இல் தொடங்கியபோது கீழிருந்து ஏறி வர வழியே வைக்கப்படவில்லை. அதற்கு அடுத்த நிலையில் வந்த ஐ-லீக்கை வென்று, அந்தத் தகுதியாலேயே ஐ.எஸ்.எல்.லுக்குள் நுழைந்த முதல் அணி பஞ்சாப் எஃப்.சி., அதுவும் 2022-23 பருவத்தின் முடிவில்தான். சென்னையின் மூன்றாம் டிவிஷன் மன்றம் ஒன்று ஆண்டுக்கு ஒரு படியாக ஏறி நாட்டின் உச்ச லீக்கை எட்டிவிடும் என்ற கனவுக்கு ஆடுகளத்திலேயே விடை கிடைக்காது. அதற்குப் பணமும் உரிமமும் கட்டமைப்பும் வேண்டும்.

இதைச் சொல்வது மனத்தை உடைப்பதற்கு அல்ல. மன்றத்துக்கான ஏணி குட்டையானது, ஆனால் அதில் ஆடும் பையனுக்கான ஏணி நீளமானது. 2017-18இல் ஐ.எஸ்.எல். பட்டம் வென்ற 'சென்னையின் எஃப்.சி.' என்ற அணியின் நடுக்களத்தில் ஆடிய தனபால் கணேஷ் வியாசர்பாடிக்காரர். 2023 ஆகஸ்ட் 12 அன்று துரந்த் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலின் ஒரே கோலை அடித்து, கொல்கத்தாவின் இவ்விரு அணிகள் மோதும் டெர்பியில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் வெற்றி காணாத அணிக்கு வெற்றி தந்த நந்தகுமார் சேகர் சென்னை லீக்கிலிருந்து புறப்பட்டவர். கீழ்டிவிஷன் மன்றம் என்பது ஒரு ரயில் நிலையத்தைப் போன்றது. நிலையம் நகர்வதில்லை என்று வருந்துவதில் பொருளில்லை. எத்தனை பேரை எந்தத் திசைக்கு ஏற்றி அனுப்பியது என்றே அதைக் கணக்கிட வேண்டும்.

இரண்டாம் படி: பருவம் தொடங்கும் முன்பே அளவுகோலை எழுதிவையுங்கள்

தோல்விக்குப் பின் தேடும் அளவுகோல் எப்போதும் வளைந்துவிடும். ஆகவே முதல் ஆட்டத்துக்கு முன்பே நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்றை வாங்கி, இந்தப் பருவத்தில் எவை நடந்தால் மன்றம் நன்றாக நடந்ததாக ஒப்புக்கொள்வீர்கள் என்று முதல் பக்கத்தில் எழுதுங்கள். நான் எழுதுபவை மூன்று. எல்லா ஆட்டங்களுக்கும் முழு அணியும் போதிய மாற்று ஆட்டக்காரர்களும் நேரத்துக்கு வந்து சேர்ந்தார்களா? இருபது வயதுக்கு உட்பட்ட பையன்களில் எத்தனை பேர் முதன்முறையாக லீக்கில் ஆடினார்கள்? கல்லூரியின் விளையாட்டு ஒதுக்கீட்டு இடம், மேல் டிவிஷன் அணி, ரயில்வே போன்ற துறை ஒன்றின் அணித் தேர்வு ஆகியவற்றில் ஒன்றுக்காவது யாரேனும் அழைக்கப்பட்டார்களா? இவற்றுக்குக் கீழே, நான்காவதாக, எந்த இடத்தில் முடிப்போம் என்று எதிர்பார்க்கிறேன் என்பதை எழுதுவேன். அது நான்காவதாக இருப்பதே முக்கியம்.

மூன்றாம் படி: புள்ளிப்பட்டியலை நம்பும் அளவை அறியுங்கள்

பத்து அணிகள் ஒருவரோடொருவர் ஒருமுறை மட்டும் மோதும் லீக்கில் ஓர் அணிக்கு 9 ஆட்டங்களே கிடைக்கும். எல்லாவற்றையும் வென்றாலும் 27 புள்ளிகள். இங்கிலாந்தின் இரண்டாம் நிலையிலிருந்து நான்காம் நிலை வரையிலான லீக்குகளில் 24 அணிகள் இருமுறை மோதுவதால் ஒவ்வோர் அணிக்கும் 46 ஆட்டங்கள். அங்கே ஓர் ஆட்டம் என்பது பருவத்தின் ஐம்பதில் ஒரு பங்கை நெருங்கும். இங்கே அதுவே ஒன்பதில் ஒரு பங்கு. ஒரு கோல் கீப்பருக்குக் காய்ச்சல், நீர் தேங்கிய களத்தில் நின்றுபோன ஒரு பந்து, கொடி உயர்த்தத் தவறிய ஒரு துணை நடுவர் என்று இவற்றில் ஏதேனும் ஒன்றே நம்மை மூன்றாம் இடத்திலிருந்து எட்டாம் இடத்துக்குத் தள்ளிவிடப் போதுமானது.

இதற்கு மேல், கால்பந்து கோல்கள் குறைவாக விழும் ஆட்டம். நன்றாக ஆடிய அணி தோற்பது இதில் நடப்பது போல, நூறு புள்ளி குவிக்கும் கூடைப்பந்தில் அடிக்கடி நடப்பதில்லை. ஆகவே குறிப்பேட்டில் முடிவை எழுதுவதற்கு முன் மூன்று எண்களை எழுதப் பழகுங்கள்: இலக்கை நோக்கி நாம் அடித்தவை, அவர்கள் அடித்தவை, கோல் கீப்பரோடு நேருக்கு நேர் நின்ற தனி வாய்ப்புகள். என் பழைய ஏட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: "நாம் 9, அவர்கள் 4. தனி வாய்ப்பு நமக்கு 3, அவர்களுக்கு 1. 0-1 தோல்வி. 70ஆம் நிமிடத்துக்குப் பின் யாரும் பின்னால் ஓடி வரவில்லை." அன்று மாலை எனக்கு இருந்த கோபத்தின் சுவடுகூட அந்தப் பக்கத்தில் இல்லை. ஆனால் கடைசி வரியில், பயிற்சியாளரிடம் பொறுமையாகப் பேசத்தக்க செய்தி ஒன்று இருந்தது.

நான்காம் படி: மைதானத்தில் வாயைக் காப்பது

இந்தப் படியில்தான் நான் அதிகம் தவறியிருக்கிறேன், ஆகவே சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

எண்பதாயிரம் பேர் அமரும் அரங்கில் கத்தும் ஒருவரின் குரல் காற்றில் கரைந்துபோகும். கீழ்டிவிஷன் ஆட்டத்துக்கு நாற்பது பேர் வந்தால் அது கூட்டம். கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்று நீங்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லும், சொன்னவர் யார் என்ற அடையாளத்தோடு, ஆடுபவனின் காதில் விழும். அவனுடைய தாய்மாமா உங்கள் பக்கத்திலேயே நின்றிருக்கவும் கூடும்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் அணியில் இடப்புறத் தடுப்பாட்டக்காரனாக ஆடிய பத்தொன்பது வயதுப் பையன், ஆட்டம் சமநிலையில் இருக்க, முடிய எட்டு நிமிடமே இருக்க, பெனால்டி பகுதிக்குள் எதிரணி ஆட்டக்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டான். பெனால்டி, கோல், தோல்வி. நான் அவனைப் பார்த்துக் கத்திய சொற்களை இங்கே எழுத இயலாது. அவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பதில் சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு, அக்கா வீட்டு விருந்துக்கு மீன் வாங்கக் காசிமேடு போயிருந்தேன். ஏலக்கூடத்து ஈரத் தரையில், தலைச்சும்மாட்டின் மேல் கூடையோடு எதிரே வந்தவன் அந்தப் பையன்தான். அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு, அதற்குள் முந்தைய நாள் ஆட்டத்துக்குப் போட்டிருந்த அதே நீலக் காலுறை. மீன் செதில்கள் அதில் ஒட்டிக்கொண்டிருந்தன.

"இன்னாண்ணா, மீனு வாங்க வந்தீங்களா?" என்றான், ஒன்றுமே நடக்காததுபோல.

"ஆமாம்பா. நீ இங்கயா வேலை பாக்குற?"

"ராவுல மட்டும்ணா. மேட்சுக்கு மொத நாளும் விடிய விடிய ஐஸு ஏத்துனோம். செகண்ட் ஹாஃப்ல காலு புடிச்சிக்கிச்சு. மாத்தச் சொல்லலாம்னு பெஞ்ச பாத்தேன், ஆளே இல்ல."

பெஞ்சில் ஆளில்லை என்பதை நானும் பார்த்திருக்க வேண்டும். தொண்ணூறு நிமிடமும் அதற்கு நேர் எதிரேதான் நின்றிருந்தேன். அவன் தெரிந்தவரிடம் சொல்லி இரண்டு கிலோ சங்கரா மீனை நியாயமான விலைக்கு வாங்கிக் கொடுத்தான். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஆட்டம் தொடங்கும் முன் நான் செய்யும் முதல் வேலை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களை எண்ணுவது. நீங்களும் அதையே செய்யுங்கள். மாற்று ஆட்டக்காரர் இருவரே என்றால், அறுபதாம் நிமிடத்துக்குப் பின் நடப்பவற்றை அந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். சொந்த அணி ஆட்டக்காரரின் பெயரைச் சொல்லிக் குரல் கொடுப்பதானால், நல்லதுக்கு மட்டும் கொடுங்கள். குறையைப் பயிற்சியாளரிடம், தனியாக, மறுநாள் சொல்லுங்கள்.

நடுவரைப் பற்றியும் ஒரு சொல். கால்பந்தின் விதிகள் மொத்தம் 17. ஒரு மாலைப்பொழுதில் படித்து முடித்துவிடலாம். ஆஃப்சைடு நிலையில் நிற்பது மட்டுமே குற்றமன்று, அங்கிருந்து ஆட்டத்தில் தலையிட்டால்தான் குற்றம் என்பதை அறியாமலேயே நம்மில் பலர் பல ஆண்டுகளாக நடுவர்களை ஏசி வந்திருக்கிறோம். மறுபார்வைத் திரையும் வீடியோவும் இல்லாத மைதானத்தில், வெயிலில், ஒரு கணத்தில் முடிவெடுக்க வேண்டியவர் அவர். அடுத்த மாதம் நம் ஆட்டத்துக்கும் அவரே வரக்கூடும்.

ஐந்தாம் படி: தோல்விக்குப் பின் வரும் முதல் மூன்று மணி நேரம்

இந்த நேரத்தில் வாட்ஸ்அப் குழுவில் எதையும் எழுதாதீர்கள். நிர்வாகத்தைப் பற்றியோ பயிற்சியாளரைப் பற்றியோ எழுதத் தோன்றினால், குறிப்பேட்டில் எழுதி வைத்து மறுநாள் காலை படித்துப் பாருங்கள். முடிந்தால் வீட்டுக்கு நேராகப் போகாமல், இரண்டு பஸ் நிறுத்தம் முன்பாகவே இறங்கி நடந்து போங்கள். பெரியமேட்டில் நேரு ஸ்டேடியத்தில் ஆட்டம் பார்த்த நாட்களில் நான் சென்ட்ரல் வரை நடந்து, ஒரு டீ குடித்து, அடுத்த ரயிலை வேண்டுமென்றே விட்டுவிட்டு அதற்கடுத்த ரயிலில்தான் ஏறுவேன். வீட்டுக்குள் நுழைந்ததும் ஆட்டத்தைப் பற்றி யாரும் கேட்காவிட்டால் நீங்களும் பேசாதீர்கள். கேட்டால் முடிவை ஒரே வரியில் சொல்லிவிட்டு, நன்றாக ஆடிய ஒரு பையனைப் பற்றிச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: நல்ல ஆட்டக்காரன் போகும்போது

பதினான்கு வயதிலிருந்து நம் மைதானத்தில் வளர்ந்தவன் பத்தொன்பதில் மேல் டிவிஷன் அணிக்கோ துறை அணிக்கோ போகும்போது, ரசிகர் மனத்தில் முதலில் எழுவது துரோகம் என்ற சொல்தான். அந்தச் சொல்லை வெளியே விடாதீர்கள். அவன் போவதற்காகத்தான் மன்றம் இருக்கிறது. தமிழக அரசு தன் பணியிடங்களில் 3 சதவீதத்தைச் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு ஒதுக்குகிறது, ரயில்வே போன்ற மத்திய அரசு நிறுவனங்களும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கின்றன. இந்த வாயில்களுக்கு உள்ளே போக மேல்மட்டப் போட்டிகளில் ஆடிய சான்று வேண்டும், அதை மூன்றாம் டிவிஷனில் இருந்துகொண்டே பெற முடியாது. அவனைப் பிடித்து வைப்பது, பெயர் என்னவானாலும், அன்பு அன்று.

ஆனால் அனுப்பும்போது செய்ய வேண்டிய ஒரு வேலையைப் பெரும்பாலான சிறு மன்றங்கள் செய்வதில்லை. அவன் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை இங்கே பதிவு செய்யப்பட்டிருந்தான் என்பதற்கான தாள்களைப் படியெடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். ஃபிஃபாவின் விதிப்படி, ஓர் ஆட்டக்காரர் ஒப்பந்தக் காலத்தின் நடுவே பணத்துக்கு நாடு விட்டு நாடு மாறும்போது, அந்தத் தொகையில் 5 சதவீதம் அவர் 12 வயது முதல் 23 வயது வரை பயிற்சி பெற்ற மன்றங்களுக்குப் பகிரப்பட வேண்டும். நம் பையனுக்கு அப்படி ஒரு நாள் வருவது அரிதினும் அரிது. வந்தால் கேட்கக் கையில் ஆதாரம் வேண்டும். மன்றச் செயலாளரிடம் இதைப் பேசுவது, பிரிவின் வருத்தத்தைப் பயனுள்ள திசையில் திருப்பும்.

ஏழாம் படி: பணம்

ஆண்டுத் தொடக்கத்திலேயே, உங்களால் இழக்கத்தக்க ஒரு தொகையைக் குறித்து வைத்து, அதற்கு மேல் கொடுக்காதீர்கள். கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ நன்கொடை கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் அடுத்த ஆண்டு மைதானத்துக்கே வரவில்லை, அல்லது கொடுத்த பணத்தின் உரிமையில் அணித் தேர்வில் தலையிட்டார்கள். ரொக்கத்தைவிடப் பொருளாகக் கொடுப்பது நல்லது: பந்து, ஐஸ் பை, குடிநீர் கேன், பூட்ஸ் தைக்கும் கூலி.

எட்டாம் படி: டிவிஷன் இறங்கும்போது

இதற்குத் தயாராக இருப்பதே நிதானத்தின் பெரும்பகுதி. கீழே இறங்குவது ஒன்று, இல்லாமல் போவது முற்றிலும் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நம் வீதிகளில் பிள்ளைகள் போட்டுக்கொண்டு திரியும் வெளிர்நீலச் சட்டைக்குரிய மான்செஸ்டர் சிட்டி, 1998-99 பருவத்தில் இங்கிலாந்தின் மூன்றாம் நிலையில் ஆடியது. 1999 மே 30 அன்று வெம்ப்ளியில், மேலே ஏறுவதற்கான கடைசி ஆட்டத்தில், 90ஆம் நிமிடம் வரை கில்லிங்ஹாமிடம் 0-2 எனப் பின்தங்கியிருந்து, இரண்டு கோல்கள் அடித்துச் சமன் செய்து, பெனால்டி ஷூட்அவுட்டில் வென்றுதான் அது மீண்டது. அதற்கு மறுமுனையில் பரி என்ற மன்றம். 1894 முதல் இங்கிலாந்து லீக்கில் ஆடி, எஃப்.ஏ. கோப்பையை 1900லும் 1903லும் வென்றது. பணச் சிக்கலால் 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. அது தோல்வியால் வெளியேறவில்லை, உண்மையில் அதற்கு முந்தைய பருவத்தில்தான் ஒரு படி ஏறியிருந்தது. நம் ஊரிலும் தொலைவு போக வேண்டாம். சென்னை சிட்டி எஃப்.சி. 2019 மார்ச் 9 அன்று கோவையில் மினர்வா பஞ்சாபை 3-1 என வென்று, ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாகப் பெற்று, ஐ-லீக் பட்டத்தைத் தட்டிச் சென்றது. 2020-21க்குப் பிறகு அந்த அணியை ஐ-லீக்கில் பார்க்க முடியவில்லை.

ஆகவே உங்கள் அணி இறங்கிவிட்டால், முதலில் கேட்க வேண்டியது "எப்போது திரும்ப ஏறுவோம்" என்பதல்ல. மைதானம் இன்னும் நம் கையில் இருக்கிறதா, அடுத்த ஆண்டுப் பதிவுக் கட்டணத்துக்கு வழி இருக்கிறதா, அதிகாலைப் பயிற்சிக்கு யார் வருகிறார்கள் என்று கேளுங்கள். மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால் வருத்தம் ஒரு வாரத்துக்குப் போதும். பதில் சரியில்லை என்றால், அணி சாம்பியனாகவே இருந்தாலும் கவலைப்பட வேண்டும்.

இறுதிப் படி: ஆட்டமில்லாத மாதங்கள்

பருவம் முடிந்ததும் சில வாரங்கள் விலகியிருங்கள். குடும்பத்தோடு மாலைகளைக் கழியுங்கள். தொலைக்காட்சியில் பெரிய மன்றங்களைப் பார்ப்பதும் நல்லதே, ஆனால் அங்கே நூற்றுக்கணக்கான கோடிக்கு வாங்கப்பட்ட ஆட்டக்காரரின் அளவுகோலை நம் பையனிடம் கொண்டுவராதீர்கள்.

விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். அந்தக் காலத்தில் காசிமேட்டுப் பக்கத்துப் பையன்களுக்கு இரவு வேலை இருக்காது. பயிற்சிக்கு ஒழுங்காக வருவார்கள், உடம்பும் தேறும். ஆனால் வீட்டில் காசு புழங்காது. அந்த இரண்டு மாதமும் சந்தா கேட்க வேண்டாம் என்று மன்றத்தில் எடுத்துச் சொல்லுங்கள். பயிற்சி முடிந்ததும் ஆளுக்கு இரண்டு அவித்த முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ கிடைக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். நான்கைந்து ரசிகர்கள் முறை வைத்துக்கொண்டால் செலவு பெரிதாகத் தெரியாது. பிறகு புதுக் குறிப்பேட்டை வாங்கி, பதிவு செய்த பையன்களின் பெயர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவன் என்ன வேலை பார்க்கிறான், இரவு வேலையா பகல் வேலையா, எந்தக் கிழமை விடுப்பு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அட்டவணை வெளிவந்ததும் அந்தப் பக்கத்தின் ஒரு படியைப் பயிற்சியாளரிடம் கொடுங்கள்.